‘எங்க கண்ண மூடின?’ – விருதம்பட்டு வீட்டில் ஒரு பேய்ப்பட மாதம்

கேள்வி: ஹாலோவீனை ஒட்டி அக்டோபர் முழுக்கப் பேய்ப்படம் பார்த்து, அதைப் பற்றிப் பேசும் பழக்கம் நம் ஊரில் யாருக்காவது உண்டா? நாங்களும் தொடங்க நினைக்கிறோம். என்ன படம், எப்படிப் பார்ப்பது?

எங்கள் வீட்டில் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கினோம், இன்றுவரை விடவில்லை. வேலூரிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டினால் விருதம்பட்டு, அங்கேதான் வீடு. நான், வீட்டுக்காரர், அத்தை, கொழுந்தனார், கல்லூரியில் படிக்கும் அவர் மகள். இவர்களோடு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் இரண்டு நர்சிங் மாணவிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்திக்கு ஊர் கோட்டயம், இன்னொருத்திக்கு நாகாலாந்து.

முதல் வருடம் கொழுந்தனார் மகளின் யோசனைப்படி 31 நாளுக்கு 31 படம் என்று ஆரம்பித்தோம். ஆறாம் நாள் நின்றுபோனது. படம் முடியும்போது மணி பதினொன்று, காலையில் எல்லோருக்கும் வேலை. பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் படுக்கப் போனோம். ஐந்து படம் பார்த்தும் ஒன்றுகூட மனதில் தங்கவில்லை. அப்புறம்தான் சனிக்கிழமைகளும் 31ஆம் தேதியும் மட்டும் போதும் என்று குறைத்தோம். உங்களுக்கும் அதையே சொல்வேன். பேய்ப்படத்தில் பாதிதான் திரையில் இருக்கிறது, மீதிப் பாதி படம் முடிந்த பிறகு நடக்கிறது. அதற்கு நேரம் வைக்காமல் எத்தனை படம் பார்த்தாலும் வீண்.

எங்கள் முறை இதுதான். ஹாலில் விளக்கை அணைத்துவிட்டுப் படம். முடிந்ததும் போனைக் கீழேயே வைத்துவிட்டு எல்லோரும் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். அங்கிருந்து பார்த்தால் ஆற்று மணல் வெளேரென்று தெரியும். படம் நன்றாக இருந்ததா, மொக்கையா என்று முதலில் யாரும் சொல்லக்கூடாது. ஒவ்வொருவரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்: ‘எங்க கண்ண மூடின?’ நிஜமாகவே மூடிய இடம், அல்லது மூடத் தோன்றிய இடம். இந்தக் கேள்வியை வைத்த பிறகு எங்கள் பேச்சே மாறிவிட்டது. நடிப்பு, கேமரா என்று விமர்சனம் செய்பவர்கள்கூட இந்தக் கேள்விக்குத் தன்னைப் பற்றித்தான் பேசியாக வேண்டும்.

‘வெள்ளைக்காரன் பண்டிகை நமக்கு எதுக்கு?’ என்று உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அத்தை கேட்டார். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு எல்லாப் புனிதர்கள் நாள், அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். அதன் வேர் அயர்லாந்துப் பக்கத்து அறுவடை முடிவுத் திருவிழாவில் இருக்கிறது, அன்று செத்தவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை. பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைப்பதுகூட அமெரிக்கா போன பிறகு வந்ததுதான், அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்தார்கள். இதையெல்லாம் கொழுந்தனார் மகள் சொல்லி முடித்ததும் அத்தை சொன்னார்: “அப்ப நம்ம மயானக் கொள்ளை மாதிரின்னு சொல்லு.”

அவர் சொன்னது சரியாகவே பட்டது. மாசியில் சிவராத்திரி முடிந்த கையோடு எங்கள் பாலாற்றங்கரை சுடுகாட்டில் நடப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பிரம்மனின் தலையைக் கிள்ளிய சிவன் கையில் கபாலம் ஒட்டிக்கொள்ள, அங்காளம்மன் மயானத்தில் சோற்றை இறைத்து அதைக் கீழே இறங்க வைத்த கதை. நூற்றுக்கணக்கானவர்கள் காளி வேஷம் கட்டி, நாக்கை நீட்டி, சூலத்தோடு ஆடிக்கொண்டு வருவார்கள். வழியெல்லாம் கொழுக்கட்டையும் சுண்டலும் காசும் இறைபடும். நான் பிறந்தது ஆரணிப் பக்கம், எங்கள் ஊரிலும் உண்டு. ஐந்து வயதில் ஆயா இடுப்பில் உட்கார்ந்து பார்த்தேன், பயத்தில் அவர் கழுத்தை விடவே இல்லை. ராத்திரி வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, யார் எந்த வேஷம், யாருக்கு அருள் வந்தது, எந்தக் காளி யாரைப் பார்த்து முறைத்தது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்டபடிதான் தூங்கினேன். பயத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு படுக்கப் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல.

இனி படங்களுக்கு வருகிறேன். பிறகு பேசத் தோன்றும் படங்களாகப் பார்த்து எடுங்கள். எங்களுக்கு நன்றாக அமைந்தது ஒரே கதையை இரண்டு மொழியில் அடுத்தடுத்த சனிக்கிழமை பார்த்தது: 1993இல் பாசில் எடுத்த ‘மணிச்சித்ரத்தாழ்’, 2005இல் பி. வாசுவின் ‘சந்திரமுகி’. கோட்டயத்துப் பெண் மலையாளப் படத்தைச் சின்ன வயதிலிருந்து இருபது தடவையாவது பார்த்தவள். அவள் கண்ணை மூடிய இடம் ஷோபனா முதன்முதலாகத் தமிழில் கத்தும் இடம். அதில் வரும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனக்காரி, தமிழ்தான் பேசுவாள். “சின்ன வயசுல தமிழ் கேட்டாலே எனக்கு அவ ஞாபகம் வரும் அக்கா” என்றாள் அந்தப் பெண். தமிழே பேசும் ஊரில் மூன்று வருடமாகக் குடியிருப்பவள் அதைச் சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் ஒரு மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் சந்திரமுகி. நம் படத்தில் ஜோதிகா தெலுங்கு பேசுவார், நடனக்காரி ஆந்திராவிலிருந்து வந்தவள். அத்தைக்குத் தாய்மொழி தெலுங்கு. பிறந்தது பேரணாம்பட்டு, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். எங்கள் மாவட்டத்தில் பாதி வீடுகளில் வாசலில் தமிழ், அடுப்படியில் தெலுங்கு. அன்று மாடியில் அவர் முறை வந்தபோது, “நான் எங்கயும் கண்ண மூடல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா, எங்க பாஷை பேசினா பேயா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்கவில்லை. அப்புறம் ‘ரா ரா’ பாட்டில் என்ன சொல்கிறாள் என்று எங்களுக்குச் சொன்னார். முழுக்கத் தன் காதலனை வா வா என்று கூப்பிடுகிறாள், அவ்வளவுதான். தியேட்டரில் மூன்று தடவை பார்த்த எனக்கு அது அன்றுதான் தெரிந்தது.

கொழுந்தனார் மகள் இன்னொன்றைச் சொன்னாள். 2007இல் வந்த இந்திப் படத்தில் அதே நடனக்காரி வங்காளி. மலையாளிக்குத் தமிழ்ப் பேய், தமிழனுக்குத் தெலுங்குப் பேய், இந்திக்காரனுக்கு வங்காளப் பேய். ஒவ்வொருவரும் பயத்தைப் பக்கத்து வீட்டு மொழியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். முழுக்கத் தெரியாத மொழி என்றால் வெறும் சத்தம், பயம் வராது. பாதி புரிந்து பாதி புரியாமல் இருப்பதில்தான் பயம் இருக்கிறது. அன்றைக்கு மணி ஒன்றைத் தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அறிவழகனின் ‘ஈரம்’ (2009) கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆவி தண்ணீர் வழியாக வரும் கதை. குழாய் சொட்டுவது, கதவுக்கு அடியில் ஈரம் பரவுவது, இவ்வளவுதான் பயமுறுத்துவது. நான் எதிர்பார்த்தது போலீஸ், காதல் என்று பேச்சு போகும் என்று. அத்தை மறுபடியும் வேறெங்கோ கொண்டுபோனார். பேரணாம்பட்டில் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், பெருகிய காலத்தில் அவர்கள் வீட்டுக் கிணறு மெல்ல நிறம் மாறியதாம். முதலில் சோறு மஞ்சளாக வெந்தது, பிறகு பருப்பு வேகவில்லை, கடைசியில் அவருடைய அம்மா கிணற்றின் மேல் பலகை போட்டு மூடிவிட்டார். “ராத்திரி அந்தப் பலகைய பாக்கவே பயமா இருக்கும். உள்ள ஏதோ செத்துக் கெடக்கற மாதிரி.” பாலாற்றங்கரைத் தோல் ஆலைக் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னதைப் பாடத்தில் படித்திருந்தேன். எனக்கு அது தேர்வுக்கு எழுதிய நான்கு வரி. ஒரே வீட்டில் பதினைந்து வருடம் இருந்தும் பலகை போட்ட கிணற்றைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ 1968இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். பெயரை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பைப் போட மறந்துவிட்டதால் அது யாருக்கும் சொந்தமில்லாத படமாகிப் போனது, அதனால் காசு கொடுக்காமலே சட்டப்படி பார்க்கலாம். முடிவைச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். ராத்திரி முழுக்க, எழுந்து நடக்கும் பிணங்களோடு போராடித் தப்பிய கறுப்பின இளைஞனை, காலையில் காப்பாற்ற வந்தவர்களே பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். எங்கள் நாகாலாந்துப் பெண் அதிகம் பேச மாட்டாள். அன்று அவளே முதலில் பேசினாள். 2021 டிசம்பரில் அவர்கள் மாநிலத்து மோன் மாவட்டத்தில், ஓட்டிங் கிராமத்துக்கு அருகே, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து வண்டியில் திரும்பியவர்களைத் தீவிரவாதிகள் என்று தவறாக நினைத்துப் படையினர் சுட்டதில் 6 பேர் இறந்தார்கள். “நான் அந்தக் கடைசி சீன்லதான் கண்ண மூடினேன். ஏன்னா அது மட்டும்தான் நடக்கும்” என்றாள். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. அத்தை தன் போர்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினார்.

எல்லா வாரமும் இப்படிக் கனமாக இருக்காது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை (1960) எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறைக் காட்சி முக்கால் நிமிடம்தான், அதை எடுக்க 7 நாள் ஆனது. ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு, கறுப்பு வெள்ளை என்பதால் தெரியாது. பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை வைத்தே இசை அமைத்தார். அந்த இடத்தில் கொழுந்தனார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அதனால் அதே காட்சியை ஒலியை அணைத்துவிட்டு மறுபடி போட்டுக் காட்டினோம். கண் கொட்டாமல் பார்த்தார். “நான் காதைத்தான் பொத்தியிருக்கணும்” என்றார். இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்து பாருங்கள், அதன் பிறகு எந்தப் படத்தையும் வேறு காதோடு கேட்பீர்கள்.

ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) இந்தச் சீசனுக்கே உரிய படம். இலையுதிர் காலக் கதையைக் கலிபோர்னியாவில் வசந்த காலத்தில் எடுத்ததால், காகித இலைக்குச் சாயம் பூசித் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் அள்ளி மறுபடி பயன்படுத்தினார்கள். என்னைக் கேட்டால் அதில் பயங்கரம் ராத்திரிக் கொலைகள் அல்ல. பட்டப்பகலில், துணி காயும் கொடிக்கு நடுவில் அந்தக் கொலைகாரன் சும்மா நின்றுகொண்டிருப்பான். அந்த ஒரு காட்சி போதும்.

தேதி பார்த்து வையுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது, அதனால் முதல் இரண்டு வாரம் சுண்டல், ஐப்பசி பிறந்த பிறகுதான் ஆம்பூர் பிரியாணி. 2023இல் அக்டோபர் 14, சனிக்கிழமை, மகாளய அமாவாசையாக வந்தது. அன்று படம் வேண்டாம் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “நம்மவங்க வர்ற நாளு. அவங்கள பேயாக் காட்டற படத்த அவங்க எதிர்லயே பாப்பியா?” அதற்கு மறுபேச்சு இல்லை. 2024இல் 31ஆம் தேதியே தீபாவளி. வெடிச் சத்தத்தில் எந்த வசனமும் கேட்காது. அதனால் 1922இல் முர்னாவ் எடுத்த ஊமைப் படம் ‘நாஸ்ஃபெராட்டு’வைப் போட்டோம். டிராகுலா கதையை அனுமதி வாங்காமல் எடுத்ததற்காக, எழுதியவரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்ட படம். சில பிரதிகள் எப்படியோ தப்பின. இடையில் வரும் எழுத்துகளைக் கொழுந்தனார் மகள் உரக்கத் தமிழில் சொன்னாள். வெளியே வாணம் வெடிக்கும்போதெல்லாம் ஜன்னல் வெளிச்சம் திரையில் இருந்த ரத்தக்காட்டேரியின் வழுக்கைத் தலைமேல் விழுந்தது.

சின்னப் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள், ஏ சான்றிதழ் என்றால் ஏதான். வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால் அந்த வருடம் விட்டுவிடுங்கள், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். யாராவது எழுந்து போனால் கூப்பிடாதீர்கள். மாடிக்கு வந்தால் போதும்.

எங்கள் சீசன் 31ஆம் தேதியோடு முடிவதில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கோட்டயத்துப் பெண்ணின் பாட்டி ஊரில் அடக்கமாகியிருக்கிறார், இவளுக்கு விடுப்புக் கிடைக்காது. அதனால் இங்கே உள்ள கல்லறைத் தோட்டத்தில், யாரும் வராத ஒரு கல்லறையாகப் பார்த்து மெழுகுவர்த்தி ஏற்றுவாள். போன வருடம் அத்தையும் கூடப் போனார். காற்று அதிகம், இரண்டு தடவை அணைந்துவிட்டதாம். மூன்றாவது தடவை அத்தை முந்தானையை விரித்து மறைத்துக்கொள்ள, அவள் ஏற்றினாளாம்.