இருந்து பார்க்கிற கடைசி நாள்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், பொல்லுடன்தான் நடக்கிறார். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் நோவு தாங்க ஏலாது. தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அவனைப் பார்க்க அடுத்த மாதம் நானும் அம்மாவும் ஆறு நாள் போகிறோம். ஐந்து நாளும் அவன் கூட இருப்பான். கடைசி நாள் மட்டும் அவனுக்கு வேலை. அன்றைக்குப் பகல் 12 மணிக்கு ஹோட்டல் அறையை விடவேண்டும். விமானம் இரவு பத்தரைக்கு. மிருகக்காட்சிசாலை, செந்தோசா, முஸ்தபா கடை என்று நான் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவோ, "நான் எங்கேயாவது ஒரு மூலையில இருக்கிறன், நீ போய்ப் பார்த்திட்டு வா" என்கிறார். வீல்செயார் எடுப்போம் என்றால் முகம் சுருங்கிப்போகிறது. வீட்டில் ஓர்கிட் வளர்க்கிறவர், பாடசாலைச் சுற்றுலா என்றால் முதல் ஆளாக பஸ்ஸில் ஏறினவர். அவரை மூலையில் விட்டுவிட்டு நான் மட்டும் ஊர் பார்ப்பதா?
- கல்லடியிலிருந்து ஒரு மகள்

பதில்: அன்புத் தங்கச்சி, முதலில் அந்தப் பட்டியலை மடித்து வையுங்கள். மிருகக்காட்சிசாலை ஊரின் வடக்கே மண்டாயில் இருக்கிறது, செந்தோசா தெற்குக் கரையில் ஒரு தீவு. இரண்டுக்கும் நடுவில் முஸ்தபாவின் நெருக்கமான கடைவழிகள். நல்ல கால் உள்ள உங்களுக்கே அது ஒரு நாளில் கனக்கும். முஸ்தபாவை ஐந்தாம் நாளுக்கு மாற்றித் தம்பியோடு போய்வாருங்கள். மற்ற இரண்டும் இந்தப் பயணத்தில் வேண்டாம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் மாமியை அதே ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைசி நாள்தானே, விட்டால் கிடைக்காது என்று காலமை ஆற்றங்கரை, மத்தியானம் லிட்டில் இந்தியா, பின்னேரம் கடை என்று ஓடினேன். மாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பெண்கள் சொல்லமாட்டார்கள். இரவு விமான நிலையத்தில் கழற்றின செருப்பைத் திரும்பப் போட ஏலாமல் போனது. கால் அப்படி வீங்கியிருந்தது. கட்டுநாயக்கவில் இறங்கி, வானில் ஏறி, ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினபோது அவரால் இறங்க முடியவில்லை. நான் வானுக்குள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு இருந்த அந்த நேரத்தை இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொந்தக்காரர் கேட்டபோது மாமி எதைச் சொன்னார் தெரியுமா? நான் ஓடிக் காட்டின எதையும் இல்லை. லிட்டில் இந்தியாவில் மழைக்கு ஒதுங்கி ஒரு பஸ் தரிப்பிடத்தில் அரைமணி நேரம் இருந்தோம். பக்கத்தில் ஒரு சீனக் கிழவி, மடியில் மரக்கறிப் பை. அதற்குள் பாகற்காய் இருந்ததை மாமி கண்டுவிட்டார். பாஷை இல்லாமல் கையாலேயே இரண்டு பேரும் அதைச் சமைக்கிற விதம் கதைத்தார்கள். அந்தக் கதையை மாமி இன்னும் சொல்லுகிறார். ஒவ்வொரு தடவையும் பாகற்காய் கொஞ்சம் பெரிதாகிறது.

அன்றிலிருந்து நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அம்மா எங்கே இருப்பார், இருந்த இடத்தில் அவர் கண்ணுக்கு என்ன வரும்? நம்முடைய மட்டக்களப்பிலும் அப்படித்தானே. பின்னேரம் காந்திப் பூங்காவுக்குப் போகிறவர்கள் வாவியைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்குத்தான் போகிறார்கள். பாடும் மீனைக் கேட்பதற்கும் தோணியை அசையாமல் நிறுத்தித்தான் துடுப்பில் காதை வைக்கவேண்டும்.

இனி அம்மாவின் "மூலை"க்கு வருகிறேன். அவருக்கு ஊர் பார்க்க விருப்பமில்லை என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்குப் பாரமாக இருந்துவிடுவேனோ என்ற பயம்தான் அப்படிப் பேசுகிறது. அதனால் "எங்கே போவோம் அம்மா?" என்று கேட்காதீர்கள், "எங்கேயும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். ஓர்கிட் தோட்டத்துக்குப் போகிறோம், எது எது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தரவேணும் என்று சொல்லுங்கள். ஆசிரியைக்குப் படிப்பிக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தோட்டம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிங்கப்பூர்த் தமிழர் பூமலை என்று சொல்லும் தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமை இடமானது. பூங்காவுக்குள் போகக் காசு இல்லை. அதற்குள் இருக்கும் தேசிய ஓர்கிட் தோட்டத்துக்கு மட்டும் நுழைவுச்சீட்டு. அது காலை எட்டரைக்குத் திறக்கும். சாப்பிட்டு, மருந்து எடுத்து, ஒன்பது மணிக்கெல்லாம் ரக்சியில் நாசிம் வாயிலில் இறங்குங்கள், வருகையாளர் நிலையம் அந்தப் பக்கம்தான். பெட்டிகளை முன்னதாகவே ஹோட்டல் வரவேற்பில் கொடுத்துவிட்டால் 12 மணிக்கு ஓடிவரத் தேவையில்லை.

சிங்கப்பூரின் தேசிய மலர் ஒரு ஓர்கிட் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். வண்டா மிஸ் ஜோக்கிம். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்ணின் தோட்டத்தில் இரண்டு வண்டா இனங்கள் கலந்து பிறந்தது; 1893இல் உலகத்துக்குத் தெரியவந்தது, 1981இல் தேசிய மலரானது. அந்தத் தோட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஊருக்கு வரும் நாட்டுத் தலைவர்களின் பெயரைப் புதிய கலப்பின ஓர்கிட்டுக்கு வைப்பார்கள். எந்தப் பூவுக்கு யார் பெயர் என்று பலகைகளை வாசித்துக்கொண்டு இருந்தாலே ஒரு மணி நேரம் போகும். மலைப்பகுதி ஓர்கிட்டுகளுக்கென்று குளிரூட்டின கண்ணாடி வீடும் உள்ளே இருக்கிறது. கல்லடி வெக்கையில் வளர்க்க ஏலாத சாதிகளை அம்மா அங்கே கிட்ட நின்று பார்க்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். பூமலை முழுவதையும் பார்க்க ஆசைப்படவேண்டாம், அது 80 ஹெக்டேயருக்கு மேல். ஓர்கிட் தோட்டத்துக்குள்ளும் நிலம் ஏறி இறங்கும். ஆகவே சக்கரக் கதிரை வேண்டும். காலமையே மழை இறங்கிவிட்டால் மரினா கரையோரப் பூந்தோட்டங்களில் உள்ள மலர்க்கூடத்துக்குப் போங்கள். பென்னாம்பெரிய கண்ணாடிக் கூடம், உள்ளே 23 முதல் 25 பாகை வரைதான் வெப்பம். அம்மாவுக்கு ஒரு சால்வை கொண்டுபோங்கள்.

கதிரை விஷயத்தில் அம்மாவின் மனத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். அதில் ஏறினால் இனி நான் ஏலாதவள் என்று ஊரே முடிவு கட்டிவிடும் என்பது அவர் பயம். ஏறச் சொல்லாதீர்கள். மடிக்கக்கூடிய கதிரை ஒன்றை அங்கேயே வாடகைக்கு எடுத்து வைக்கத் தம்பியிடம் சொல்லுங்கள். அதில் உங்கள் கைப்பையையும் தண்ணீர்ப் போத்தலையும் வைத்து நீங்கள் தள்ளிக்கொண்டு போங்கள், அம்மா பொல்லுடன் பக்கத்தில் வரட்டும். எங்கே களைக்கிறதோ அங்கே கதிரை நிற்கும். பையை எடுத்தால் இருக்கலாம். மாமியை இரண்டாம் முறை கூட்டிப்போனபோது இப்படித்தான் செய்தேன். இருபது நிமிடத்துக்குள் பை என் தோளில், மாமி கதிரையில்.

தள்ளுகிறவருக்குத் தெரியவேண்டியது கொஞ்சம் இருக்கிறது, தம்பி கதிரையை எடுத்து வந்ததும் ஒருமுறை பழகிப்பாருங்கள். அவர் இருக்கும்போதும் எழும்பும்போதும் இரண்டு பக்கப் பிரேக்கும் பூட்டியிருக்கவேண்டும். எழும்ப முன் கால்தட்டுகளை மேலே மடியுங்கள். தட்டில் மிதித்து எழும்பினால் கதிரை முன்னுக்குக் கவிழும். சரிவான இடத்தில் இறங்கும்போது கதிரையைத் திருப்பி, நீங்கள் பின்னுக்கு நடந்து மெதுவாக இறக்குங்கள்.

சிங்கப்பூரில் இதற்கு வசதி நன்றாக இருக்கிறது. எம்ஆர்டி என்ற நகர ரயிலின் நிலையங்கள் எல்லாவற்றிலும் லிப்ட் உண்டு, அகலமான நுழைவாயிலும் உண்டு. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. "மின்தூக்கி" என்று தமிழில் எழுதியிருப்பதைக் கண்டால் அம்மா நின்று வாசிப்பார். பஸ்ஸில் சாரதியே இறங்கிவந்து சாய்தளம் போட்டுவிடுவார். வெட்கப்படாமல் ஏறுங்கள், அவருடைய வேலையில் அதுவும் ஒரு பங்கு. கஷ்டமான இடம் லிட்டில் இந்தியாவின் பழைய கடைவரிசைதான். கடைகளின் முன்னால் போகும் ஐந்தடிப் பாதை ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் உயரம் மாறும், இடையிடையே படி வரும். மழைக்கும் வெயிலுக்கும் நல்ல நிழல், ஆனால் சக்கரத்துக்கும் பொல்லுக்கும் ஆகாது. வாழையிலைச் சாப்பாடு வேண்டுமென்றால் ரக்சியைக் கடை வாசலிலேயே நிறுத்தி இறங்குங்கள். கோயில்கள் நண்பகலில் பூட்டியிருக்கும், அம்மா கும்பிட நினைத்தால் அதை வேறொரு நாள் காலையில் வையுங்கள்.

சாப்பிட்டதும் ஹோட்டலில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு நேரே சாங்கி விமான நிலையம். மூன்று, நான்கு மணிக்கே போவதா என்று நினைப்பீர்கள். போங்கள். விமான நிலையத்தோடு சேர்ந்த ஜுவல் என்ற கட்டடம் 2019இல் திறந்தது. அதன் நடுவில் கூரையிலிருந்து 40 மீற்றர் உயரத்துக்கு ஒரு அருவி விழுகிறது. கட்டடங்களுக்குள் இருக்கும் அருவிகளில் உலகிலேயே உயரமானது அதுதான். சுற்றிவர மரங்கள். அருவி பார்க்க நாங்கள் மலைநாட்டுக்குப் போய்ப் படி ஏறவேண்டும். அங்கே லிப்டில் போய், குளிரில், அதன் முன்னால் இருக்கலாம். கையெட்டும் தூரத்தில் தேத்தண்ணி, டொய்லட். பொழுதுபட்டால் அருவியில் ஒளிக்காட்சியும் உண்டு. குடிவரவைத் தாண்ட முன்னான பகுதி அது, ஆகவே தம்பி வேலை முடிந்து அங்கேயே வந்து உங்களோடு இருக்கலாம், வாடகைக் கதிரையையும் அவனிடமே கொடுத்துவிடலாம். நிலையத்தில் பெட்டி பாரம் கொடுக்கும் இடம் உண்டு. அம்மாவுக்கு அந்த மூன்று மணி நேரம் போதும், மகனும் மகளும் இரண்டு பக்கமும்.

இப்போது மிகவும் முக்கியமான ஒன்று, இதை இன்றைக்கே செய்யுங்கள். விமான நிலையத்துக்குள் நடக்கிற தூரம் அம்மாவின் காலுக்கு ஆகாது. விமானக் கம்பனியைக் கூப்பிட்டு வீல்செயார் உதவி கேளுங்கள், அதற்குக் காசு இல்லை. பிந்தினாலும் பறப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லியிருக்கவேண்டும். அவர்களிடம் மூன்று வகை இருக்கிறது. படி ஏறுவார், ஆனால் தூரம் நடக்கமாட்டார் என்பது ஒன்று. படி ஏற ஏலாது, விமானத்துக்குள் தன் இருக்கைக்கு நடப்பார் என்பது இரண்டாவது. நடக்கவே ஏலாது என்பது மூன்றாவது. இரண்டாவதைக் கேளுங்கள். அம்மா கௌரவத்துக்காக "நான் ஏறுவன்" என்று சொன்னாலும், விமானத்தின் படிக்கட்டு வீட்டுப் படி போலில்லை. போகும்போதும் வரும்போதும், இரண்டு பயணத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். இருக்கை நடைவழியோரம் இருக்கட்டும். மருந்து முழுவதும் கைப்பையில். பறக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அடிக்கடி ஆட்டச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். டொய்லட்டுக்குப் பயந்து குடிக்காமல் இருப்பார், பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசி நாள் சாங்கியில் முடியவில்லை, கல்லடி வீட்டுப் படலையில்தான் முடிகிறது. பத்தரைக்குப் புறப்பட்டால் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பறப்பு. கட்டுநாயக்கவில் நடுச்சாமம், அம்மாவின் உடம்புக்கு அது விடியப்புறம் இரண்டரை. அதற்குமேல் குருநாகல், தம்புள்ளை, பொலன்னறுவை என்று ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வானில் மடித்த முழங்கால். அதைச் செய்யாதீர்கள். நீர்கொழும்புப் பக்கம் ஒரு அறை எடுத்துப் படுங்கள், காலமை சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடலாம். கடையில் ஒரு பை சாமான் குறைத்து வாங்கினால் அந்த அறைக்காசு வரும். நான் மாமிக்கு முதல் தடவை செய்யத் தவறியது இதுதான்.

கடைசியாக, ஓர்கிட் தோட்டத்துக் கடையில் அம்மா ஒரு கண்டு வாங்கிக் கேட்பார். பிள்ளைபோலக் கேட்பார், உங்களுக்கு மறுக்க மனம் வராது. ஆனால் இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் உயிருள்ள செடி எதையும் இலங்கைக்குள் கொண்டுவர முடியாது, கட்டுநாயக்கவில் எடுத்துவிடுவார்கள். அதனால் பூக்களைப் படம் எடுங்கள், ஒவ்வொன்றின் பெயர்ப்பலகையும் படத்தில் விழவேண்டும். அம்மா பிறகு பெயரைத்தான் கேட்பார்.