சத்திரசிகிச்சை மாநாட்டு மேடைகளில் பெண்கள் ஏன் குறைவு?

கேள்வி கேட்ட தங்கச்சி கல்முனையில் இருந்து எழுதியிருக்கிறார்: மருத்துவ பீடத்தில் இத்தனை பெண்கள் படிக்கும்போது, மாநாட்டு அழைப்பிதழில் மட்டும் ஏன் ஆண்களின் பெயர்களே?

"துறையிலேயே பெண்கள் குறைவு" என்பது பாதிப் பதில்தான். மாநாட்டில் பேச இரண்டு வழி உண்டு. ஒன்று, நாமே ஆய்வுச் சுருக்கம் அனுப்புவது. பெயரை மறைத்து மதிப்பிட்டால் அதில் ஓரளவு நியாயம் கிடைக்கும். மற்றது அழைப்புரை, அதாவது மாநாட்டு அமைப்பாளர் குழுவே ஒருவரைப் பேச அழைப்பது. அங்கேதான் சிக்கல். குழுவில் இருப்பவர்களுக்குத் தங்கள் ஆசிரியர், கூடப் படித்தவர், போன வருடம் நன்றாகப் பேசியவர் என்று தெரிந்த முகங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, பழக்கமே போதும்.

அமெரிக்க நுண்ணுயிரியல் மாநாடுகளைப் பற்றி 2014-இல் வந்த ஆய்வு ஒன்று, அமைப்பாளர் குழுவில் ஒரு பெண் இருந்தாலே அழைக்கப்படும் பெண் பேச்சாளர் விகிதம் கூடுவதைக் காட்டியது. அது சத்திரசிகிச்சைத் துறை அல்ல. ஆனால் அழைக்கும் முறை ஒன்றுதானே!

சத்திரசிகிச்சைத் துறையின் தலைமையிலும் பெண்கள் வரத் தாமதம்தான்: 1800-இல் பட்டயம் பெற்ற இங்கிலாந்தின் ரோயல் சத்திரசிகிச்சைக் கல்லூரிக்கு முதல் பெண் தலைவராக கிளேர் மார்க்ஸ் வந்ததே 2014-இல்தான்.

நமக்கு இன்னொன்றும் இருக்கிறது. மட்டக்களப்பில் இருந்து கொழும்பு 300 கிலோமீட்டருக்கு மேல். கைக்குழந்தையோடு இரவு ரயிலில் போய்ப் பேசிவிட்டு வா என்றால் யார் போவது? இணையவழி உரையும் குழந்தை பராமரிப்பு இடமும் இருந்தால், "அழைத்தோம், வரவில்லை" என்ற சாட்டுச் சொல்ல முடியாது.