அந்த ஓவியத்தைச் சுத்தம் செய்யக் கொடுக்காதீர்கள்

கேள்வி: நெதர்லாந்தின் ஹார்லெமில் வசிக்கிறோம். என் மாமியார் விட்டுச்சென்ற பொருள்களில் ஓக் பலகையில் வரைந்த சிறிய ஓவியம் ஒன்று இருக்கிறது: மணல்மேடு, வேலி, இரண்டு மரங்கள், மேகம் மூடிய வானம். பின்புறம் ஒட்டியிருக்கும் பழைய தாளில் ‘பி. டி மொலைன்’ என்று எழுதியிருக்கிறது. வந்து பார்த்த வியாபாரி, “இந்தப் பெயருக்கு விலை இல்லை. சுத்தம் செய்தால் பெயர்பெற்ற ஓவியர் யான் வான் கோயனின் கையொப்பம் வெளிப்படலாம். செலவு என்னுடையது, விற்றால் பாதி எனக்கு” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பீட்டர் டி மொலைன் உங்கள் ஊர்க்காரர். 1595இல் லண்டனில் பிறந்தவர், 1661இல் ஹார்லெமில் இறந்தார். 1626இல் அவர் வரைந்த மணல்மேட்டுக் காட்சி ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை என்று நாலைந்து நிறங்களிலேயே ஈரக்காற்றையும் அமைதியையும் கொண்டுவந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். அதே வழியில் நடந்த வான் கோயனுக்குப் பெயரும் விலையும் கூடுதலாகக் கிடைத்தன. பெயர் சிறியவரின் படத்தில் பெயர் பெரியவரின் கையொப்பத்தை எழுதி விற்பது இந்தத் தொழிலின் பழைய மோசடி. கையொப்பம் ‘வெளிப்பட்டால்’ பூதக்கண்ணாடியில் பாருங்கள். எழுத்தின் மை விரிசலுக்குள் இறங்கியிருந்தால், விரிசல் விழுந்த பிறகு எழுதியது அது.

பலகையைச் சன்னலருகே பிடித்துச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். மேகத்தினூடே மரத்தின் வரிகள் தெரியலாம். இந்த வகை ஓவியங்களில் வண்ணப் பூச்சு அவ்வளவு மெல்லியது. மஞ்சளித்த வார்னிஷை எடுக்கும் கரைப்பான் சற்று அதிகமாக ஊறினால், இலைகளுக்கு உருவம் தரும் பழுப்புப் பூச்சும் பஞ்சோடு வந்துவிடும். அது திரும்பி வராது. பிறகு அங்கே புது வண்ணம் தீட்டிப் ‘பொலிவு’ என்பார்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம், ரொட்டி என்று வீட்டு வைத்தியமும் வேண்டாம்.

ஒரே ஒரு நிலையில் காத்திருக்கக் கூடாது. வண்ணம் செதில் செதிலாகத் தூக்கி நிற்கிறதா? அப்படியானால் இன்றே சுவரிலிருந்து இறக்கி, படம் மேலே பார்க்கும்படி மேசையில் கிடத்துங்கள். துடைக்காதீர்கள், ஊதாதீர்கள், விரலால் அமுக்காதீர்கள். உதிர்ந்த செதில்களைக் காகித உறையில் போட்டு வையுங்கள். காரிலும் கிடத்தியே கொண்டுபோங்கள். பழுதுபார்ப்பவரிடம், தூக்கிய செதில்களை ஒட்டி நிறுத்துவது மட்டுமே வேலை, சுத்தம் செய்வதில்லை என்று எழுதி வாங்குங்கள். நெதர்லாந்தில் யார் வேண்டுமானாலும் தன்னை ஓவியச் சீரமைப்பாளர் என்று சொல்லிக்கொள்ளலாம், சட்டம் தடுப்பதில்லை. பல் பிடுங்கப் பட்டம் வேண்டும், 350 ஆண்டுப் பழைய படத்தைச் சுரண்ட எதுவும் வேண்டாம் என்பதை என்னால் பொறுக்கவே முடிவதில்லை.

மர வளையங்களை எண்ணித் தந்த ‘அறிவியல் சான்றிதழ்’ என்று யாராவது நீட்டினாலும் மயங்காதீர்கள். மரத்தை எந்த ஆண்டுக்கு முன் வெட்டியிருக்க முடியாது என்று மட்டுமே அது சொல்லும். வரைந்தவர் யார் என்று சொல்லாது.

முன்புறம், பின்புறம், ஓரங்கள், அந்தத் தாள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். தாளைப் பிரிக்காதீர்கள். ஹேக் நகரின் ஆர்.கே.டி. கலை வரலாற்று நிறுவனத்தின் இணையத் தரவுத்தளத்தில் மொலைனின் படங்களை இலவசமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். விலை மட்டும் அங்கே சொல்ல மாட்டார்கள். அதற்கு இரண்டு ஏலக் கூடங்களுக்காவது புகைப்படம் அனுப்புங்கள், ஒன்றின் பேச்சை நம்பி நிற்காதீர்கள். அவர்கள் பட்டியலில் ஓவியரின் பெயர் மட்டும் இருந்தால் அவர் வரைந்ததாகப் பொருள். ‘அவருடையதாகக் கருதப்படுவது’ என்றால் உறுதி குறைவு. ‘அவர் பாணியில்’ என்றால் பல தலைமுறை கழித்து வேறொருவர் வரைந்ததாகவும் இருக்கலாம். விலையையே மாற்றும் இந்தச் சொற்களின் விளக்கத்தைப் பொடி எழுத்தில் கடைசிப் பக்கத்தில் அச்சிடுகிறார்களே, அது நியாயமா?

படம் குடும்பத்துக்கு எப்போது வந்தது என்பதும் முக்கியம். 1940இல் தொடங்கிய ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது இங்கே யூதர்களிடமிருந்து பறிபோன படங்கள் ஏராளம். ஆம்ஸ்டர்டாம் வணிகர் கௌட்ஸ்டிக்கரின் 202 ஓவியங்களை 2006இல்தான் அரசு வாரிசுக்குத் திருப்பித் தர முடிவெடுத்தது. உங்கள் மாமியாரின் உடன்பிறந்தவர்கள் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள்: 1940க்கு முன்பே படம் வீட்டில் இருந்ததா? சுவரில் இந்தப் படம் தெரியும் பழைய குடும்பப் புகைப்படம் ஒன்று கிடைத்தால், அதையும் ஏலக் கூடங்களுக்கு அனுப்பும் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.