நனைந்த புல்லட்டை உதைக்கும் முன்

கேள்வி: கடலூரில் பெண்ணையாற்றுப் பக்கம் எங்கள் வீடு. அப்பா ஓட்டிய 1992 மாடல் புல்லட் 350, ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் பாதிச் சக்கரம் வரை நனைந்தது. அன்றிலிருந்து தார்ப்பாய் போட்டு மூடியே கிடக்கிறது. போன வாரம் பத்துப் பதினைந்து தடவை உதைத்தேன், ஸ்டார்ட் ஆகவில்லை. என்ஜினை இறக்க வேண்டும், முப்பத்தைந்தாயிரம் ஆகும் என்கிறார்கள் பட்டறையில். வீட்டிலேயே ஏதாவது செய்து பார்க்கலாமா? இதற்கிடையில் புதுச்சேரியில் ஒரு பழைய பத்மினி கார் விலைக்கு வருகிறது. அதையும் வாங்க ஆசை. வாங்கலாமா?

பதில்: முதலில் உதைப்பதை நிறுத்துங்கள். உள்ளே ஆயிலோடு தண்ணீர் கலந்திருந்தால், ஒவ்வொரு உதைக்கும் அந்தக் கலவைதான் பம்ப் வழியாக பிக் எண்டுக்கு, அதாவது பிஸ்டன் தண்டு சுழலும் கிராங்கோடு சேரும் மூட்டுக்குப் போகிறது. கிடந்ததால் கெட்ட என்ஜினை விட, கிடந்த பிறகு உதைத்துக் கெட்ட என்ஜின்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

என்ஜினை இறக்க வேண்டுமா என்பது ஆயிலைப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தப் பழைய புல்லட்டில் ஆயில் மூன்று இடங்களில் தனித்தனியாக இருக்கிறது: என்ஜினில், கியர் பாக்ஸில், இடது பக்கம் கிளட்ச் செயின் ஓடும் பெட்டியில். இன்றைய வண்டிகளில் பழகியவர்கள் ஒன்றை மாற்றிவிட்டு மூன்றும் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். என்ஜினுக்கு அடியில் ஆயில் இறக்கும் போல்ட்டே இரண்டு உண்டு. ஒன்று ஆயில் தேங்கும் அறைக்கு, மற்றது கிராங்க் இருக்கும் பக்கத்துக்கு. நாள்பட நிற்கும் புல்லட்டில் ஆயில் மெதுவாகக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும், அதனால் இரண்டையும் கழற்ற வேண்டும்.

வெள்ளை பிளாஸ்டிக் பேசினில் பிடியுங்கள், நிறம் தெரியவேண்டும். வெறும் கறுப்பாக வந்தால் கவலையில்லை. பால் காபி நிறத்தில், நுரை கட்டினாற்போல் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதற்கும் உடனே பயப்பட வேண்டாம். ஒரு காந்தத்தை அந்த ஆயிலுக்குள் விட்டு எடுங்கள். மாவு மாதிரி மெல்லிய கருமை ஒட்டினால் அது வயதுக்குரிய தேய்மானம். செதில் செதிலாக, விரலில் நெருடும்படி வந்தால் மட்டும் பட்டறைக்காரர் சொன்னது சரி, வண்டியை அவரிடமே விடுங்கள்.

செயின் பெட்டியில் தண்ணீர் கட்டாயம் இருக்கும் என்பது என் ஊகம். தகரம் போன்ற அந்த மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது, விளிம்பில் ஒரு ரப்பர். மழைக்காலத்திலேயே ஒழுகும் சமாச்சாரம் அது. இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றினால்தான் மூடி வெளியே வரும். துடைத்து, ரப்பரைப் புதிதாகப் போட்டு மூடுங்கள். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலைந்து தடவை மிதித்தால் விட்டுவிடும். அதை என்ஜினில் புது ஆயில் ஊற்றிய பிறகு செய்யுங்கள்.

என்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஆயில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் பிடிக்கும். முதல் இரண்டு தடவைக்கு விலை குறைந்ததே போதும், ஏனென்றால் கழுவத்தான் ஊற்றுகிறோம். நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் என்ஜினை ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். மூன்றாவது தடவை நல்ல ஆயில். இதற்கு முன் ஒரு வேலை: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தோடு என்ஜினும் சுற்றினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் போகவில்லை. அந்த முப்பத்தைந்தாயிரத்தில் பெரும்பகுதி உங்கள் பையிலேயே இருக்கும்.

பிளக்கைத் திரும்ப மாட்டும்போது கையாலேயே முக்கால்வாசி திருகுங்கள். சிலிண்டர் பேரல் இரும்பு என்றாலும், பிளக் மாட்டும் மேல்பகுதியான ஹெட் அலுமினியம். நான் இருபது வயதில் என் வண்டியில் வீரம் காட்டி ஸ்பேனரைப் போட்டு இறுக்க, மரை மொத்தமும் நூல் நூலாகக் கையோடு வந்துவிட்டது. லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

பெட்ரோலுக்கு வருவோம். டேங்கில் இருப்பதைக் கண்ணாடி ஜாடியில் இறக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் கண்ணாடி மணி போல் ஏதாவது உருண்டால் அது தண்ணீர். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். கடலோரத்தில் பாதி டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் துரு உள்ளிருந்தே ஆரம்பிக்கும். உங்கள் வண்டியின் ரப்பர் குழாயும் வாஷர்களும் இந்தக் கலவையை நினைத்துச் செய்தவை அல்ல, அவற்றை மாற்றிவிடுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால் நீங்களே வெல்டிங் செய்யப் போகாதீர்கள். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும்.

கார்புரேட்டரைக் கழற்றினால் ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையில், பிசின் போல் அடைத்திருக்கும். ஸ்டவ் பின்னால் குத்துவது நம் ஊர் வழக்கம். பின் எஃகு, ஜெட் பித்தளை. துளை ஒரு மயிரிழை அகன்றாலும் பெட்ரோல் கூடுதலாகக் குடித்துக் கறுப்புப் புகை விடும். வயர் ஒன்றை உரித்து அதிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து விட்டுப் பாருங்கள், போதும்.

இனி கரண்ட். பாயிண்ட் செட் உள்ள பழைய வண்டிகளில் நான் மிகவும் ரசிக்கும் இடம் இதுதான். பாயிண்ட் என்பது பிளக்கில் பொறி வரக் கரண்டை விட்டு விட்டு நிறுத்தும் ஒரு சின்ன சுவிட்ச். ஹெட்லைட் மேலே இருக்கும் அந்தச் சின்ன ஆம்ப் மீட்டரை அலங்காரம் என்று நினைக்காதீர்கள், அதுதான் உங்கள் வைத்தியர். பேட்டரியை சார்ஜ் ஏற்றிப் போட்டு, சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் கொஞ்சம் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். இப்படி ஆடினால் கரண்ட் பாயிண்ட் வரை ஒழுங்காக வந்து போகிறது. நடுவிலேயே நின்றால் பாயிண்ட் அழுக்கு, அல்லது வயர் எங்கோ விட்டிருக்கிறது. மைனஸிலேயே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அதோடு இணைந்த கண்டன்சர் என்ற சின்னப் பாகம் ஷார்ட். வெள்ளத்தில் நனைந்த வண்டியில் பெரும்பாலும் அழுக்குதான். மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய், பிறகு கெட்டிக் காகிதத்தை நடுவில் விட்டு இழுத்துத் துடையுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கண்ணளவு வேண்டாம், இடைவெளி அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

உதைக்கும் முறையும் இதே முள்ளை வைத்துத்தான். முள் நடுவுக்கு வந்ததும், சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் லீவரான டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, டீகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே உதை. ஷூ போட்டுக்கொள்ளுங்கள். டைமிங், அதாவது பொறி விழும் நேரம், முன்னே போயிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும்.

ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் சில்வர் பீச் வரை ஒரு ரவுண்டு போகத் தோன்றும். பாதிச் சக்கரம் நனைந்தது என்றால் பிரேக் டிரம்மும் பேரிங்கும் நனைந்திருக்கின்றன. இரண்டையும் திறந்து பார்க்காமல் ரோட்டில் ஏற்றாதீர்கள். பழைய பிரேக் ஷூ தூளை வாயால் ஊதவேண்டாம், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2216 என்றால் 2016-ன் 22-வது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றவேண்டியதுதான். இனிமேல் தார்ப்பாய் வேண்டாம், உள்ளே வியர்த்து வியர்த்தே துருப்பிடிக்கும். அப்பாவின் பழைய வேட்டி ஒன்று இருந்தால் அதைப் போர்த்துங்கள்.

ஆர்சி புத்தகத்தையும் பாருங்கள். 1992 பதிவு என்றால் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்து, அடுத்தது 2027-ல் வரும். 20 வயது தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 முதல் 2,000 ரூபாய்.

இனி பத்மினி. எனக்கும் அதன் மேல் ஒரு கண் உண்டு. பானட்டைத் தூக்கினால் 1089 சிசி என்ஜின், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் தூரத்தில் இருக்கும். ஸ்டியரிங் ஓரத்துக் கியரைத் தள்ளி ஓட்டுவது தனிச் சுகம். ஆனால் உற்பத்தி எப்போதோ நின்றுபோன வண்டி. அதன் எமன் தகரத்தில் இருக்கிறான், என்ஜினை எப்படியும் சரி செய்துவிடலாம். பார்க்கப் போகும்போது மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். கதவுக்குக் கீழே, சக்கர வளைவில், டிக்கி ஓரத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் துருவை மறைக்கப் பூசிய பட்டி. அப்புறம் கால்மிதியைத் தூக்கித் தரையை விரலால் அழுத்துங்கள். புதுப் பெயின்ட் பளபளப்பாக இருக்கிறது என்றால் இன்னும் சந்தேகத்தோடு பாருங்கள்.

விற்பவர் "வின்டேஜ்" என்று சொன்னால் ஆண்டைக் கேளுங்கள். அரசு விதிப்படி முதல் பதிவு ஆகி 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிக்குத்தான் அந்தப் பெயர். அதற்குத் தனி நம்பர் வரிசை உண்டு, பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், தினசரி ஓட்டவும் முடியாது. சாதாரணப் பதிவிலேயே இருந்தால், 20 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்பு 10,000 ரூபாய். புதுச்சேரியின் பிஒய் நம்பர் காரை எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டிக் கொண்டுவந்து கடலூரில் வைத்துக்கொள்வதானால், அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, ஓராண்டுக்குள் டிஎன் நம்பருக்கு மாற்ற வேண்டும். அந்தச் சான்று கைக்கு வரும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

எப்படியும் புல்லட் ஓடுகிற வரைக்கும் காருக்கு அட்வான்ஸ் வேண்டாம். பேசினில் ஆயில் என்ன நிறத்தில் வந்தது என்று எழுதுங்கள், அடுத்து என்ன என்று பார்க்கலாம்.