பசையா, ஸ்க்ரூவா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: ஒரு பொருளைச் செய்வதாலும் பயன்படுத்தி எறிவதாலும் மண்ணுக்கும் காற்றுக்கும் என்ன ஆகிறது? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பிளாஸ்டிக் பையை விட்டுத் துணிப்பைக்கு மாறி நாளாயிற்று. ஆனால் எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் ஒரு துணிப்பை தருகிறார்கள், வீட்டில் இப்போது முப்பது இருக்கும். இதுவும் நல்லதுதானே?

பதில்: நீங்கள் தினமும் எடுத்துப் போகும் இரண்டு பைகள் நல்லவை. பெட்டியில் கிடக்கும் இருபத்தெட்டும் வீண். பருத்திக்குத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், பூச்சிமருந்து வேண்டும், அப்புறம் நூற்பு, நெசவு, சாயம் என்று ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று எரிகிறது அல்லது ஆற்றில் கலக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குப் புவி வெப்பமாதல் கணக்கில் சமமாக வேண்டுமென்றால், ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். டென்மார்க்கில் 2018-ல் போட்ட கணக்கு வேறு: காலநிலையை மட்டும் பார்த்தால் 52 முறை, ஓசோன் படலம் உட்பட எல்லா அளவுகோல்களிலும் சமமாக வேண்டுமென்றால் 7,100 முறை. எந்தப் பையோடு ஒப்பிட்டார்கள், எதையெல்லாம் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் இப்படி மாறும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பிளாஸ்டிக் பைக்குத் திரும்பிவிட வேண்டாம். பை காற்றில் பறந்து சாக்கடையை அடைப்பதும் கடலில் மிதப்பதும் இந்த இரண்டு கணக்கிலும் சேரவில்லை. அடுத்த கருத்தரங்கில் பை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது போதும்.

கேள்வி: தயாரிப்பு வடிவமைப்பு படிக்கிறேன். இறுதியாண்டுத் திட்டமாக மூங்கிலில் ஒரு சிறிய ஒலிபெருக்கி செய்கிறேன். மூங்கில் பட்டைகளை எப்பாக்சியால் ஒட்டி, பேட்டரியையும் உள்ளே ஒட்டி, மேலே வார்னிஷ் பூசியிருக்கிறேன். இதைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள் என்று சொல்லலாமா?

பதில்: இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். மூங்கில் சீக்கிரம் வளர்வது, வெட்டினால் மறுபடி துளிர்ப்பது எல்லாம் உண்மை, ஆனால் எப்பாக்சியில் தோய்ந்தபின் அந்த மூங்கில் மூங்கிலாக இல்லை. எப்பாக்சி ஒருமுறை இறுகிவிட்டால் திரும்ப உருகாது. ஆக உங்கள் பெட்டி மண்ணில் மக்கவும் மக்காது, மறுசுழற்சிக்கும் போகாது.

அதைவிடப் பெரிய தவறு பேட்டரியை ஒட்டியது. ஒலிபெருக்கியில் மற்றதெல்லாம் பத்து வருடம் தாங்கும். லித்தியம் அயன் பேட்டரியோ சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் கொள்ளளவு குறையத் தொடங்கிவிடும். முதலில் சாகப்போகும் உறுப்பு எது என்று வரைபடம் போடும்போதே உங்களுக்குத் தெரியும், தெரிந்தும் அதை எடுக்க முடியாதபடி வைத்தால் முழுப் பொருளின் ஆயுளையும் அந்த ஒரு உறுப்பின் ஆயுளுக்குச் சுருக்கிவிடுகிறீர்கள். நான் ஆசையாக வாங்கிய ஒரு ஒலிபெருக்கி இப்படித்தான் போனது. ஒலி குறையே இல்லை, பேட்டரி மட்டும் போய்விட்டது, திறக்கப் பார்த்தபோது உடைந்தது ஓடு. இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டத்தின்படி, சில விலக்குகள் தவிர, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கப் பொருள்களின் பேட்டரியைச் சாதாரணக் கருவிகளைக் கொண்டு பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். நீங்கள் வேலைக்குப் போகும் காலத்தில் இது அன்றாடப் பாடமாகியிருக்கும், இப்போதே கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? பசைக்குப் பதில் பொருத்துவாய் வெட்டி இணையுங்கள், தச்சர்கள் காலகாலமாகச் செய்வதுதான். பின்பலகையை நான்கு ஸ்க்ரூவில் நிறுத்துங்கள், நான்கும் ஒரே அளவு, ஒரே தலை. வார்னிஷுக்குப் பதில் எண்ணெய் அல்லது மெழுகு. உள்ளே பிளாஸ்டிக் பாகம் வேண்டுமென்றால் ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்யுங்கள், அதன்மேல் ரப்பரை உருக்கி ஒட்டவைத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. நிறத்தையும் யோசியுங்கள்: கருப்பு நிறத்துக்குப் பெரும்பாலும் கரித்தூள் சேர்க்கிறார்கள், அது அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் மறுசுழற்சி ஆலையில் வகை பிரிக்கும் கருவியின் கண்ணுக்கு அந்தப் பாகம் தெரியவே தெரியாது, நல்ல பிளாஸ்டிக்காக இருந்தாலும் குப்பைக்குப் போய்விடும். கடைசியாக ஒரு சோதனை. பொருளையும் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் இதைப் பார்த்தே இராத ஒரு நண்பரிடம் கொடுத்து, பேட்டரியை எடுத்துத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று, எங்கே தடுமாறினார் என்பதை அறிக்கையில் எழுதுங்கள். மூங்கிலைப் பற்றி எழுதும் பத்துப் பக்கத்தைவிட அந்த ஒரு பத்தி அதிக மதிப்பு பெறும்.

கேள்வி: என் போனுக்கு நான்கு வயது, ஃப்ரிட்ஜுக்கு இருபது வயது. இரண்டும் ஓடுகின்றன. சுற்றுச்சூழலை நினைத்தால் எதை மாற்றுவது?

பதில்: போனை வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ரிட்ஜை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். ஒரு போன் தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, சுரங்கத்திலும் சிப் ஆலையிலும், அது உங்கள் கைக்கு வருமுன்பே வெளியேறிவிடுகிறது. சார்ஜ் செய்ய ஆகும் மின்சாரம் அதன் பக்கத்தில் சிறிது. ஃப்ரிட்ஜ் அப்படியே தலைகீழ், அது இரவும் பகலும் மின்சாரம் இழுக்கிறது, பழைய கம்ப்ரசர் புதியதைவிட நிறையவே இழுக்கும். மீட்டர் ஒன்றைச் செருகி ஒரு வாரம் அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மாற்றினால், பழையதைக் குழாயை அறுத்துவிட்டு உலோகத்தை மட்டும் எடுப்பவரிடம் தராதீர்கள். அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் குளிர்விக்க உள்ள ஆர்-134ஏ வாயு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைப்பது. வாயுவை உறிஞ்சி எடுக்கும் வசதி உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் சிறிய ஆலை நடத்துகிறேன். பெரிய வாடிக்கையாளர் சுற்றுச்சூழல் அறிக்கை கேட்கிறார். எங்கே தொடங்குவது?

பதில்: அறிக்கைக்கு முன்னால், இயந்திரங்களுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரில் தொடங்குங்கள். இயந்திரங்கள் நின்றபின் ஆலைக்குள் நடந்து காது கொடுத்துக் கேளுங்கள், 'ஸ்ஸ்' என்று வரும் சத்தம் அத்தனையும் மின்சாரம்தான். கம்ப்ரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே இழக்கும் ஆலைகள் உண்டு. அடுத்து மோல்டிங் இயந்திரத்தில் பிளாஸ்டிக் உருகும் சூடான பீப்பாய்க்கு வெப்பக்காப்பு உறை போடுங்கள். ரன்னர் கழிவை, அதாவது உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் போகும் வழியில் இறுகி மிஞ்சுவதை, அரைத்துத் திரும்பச் சேர்க்கிறீர்களா? எவ்வளவு சதவீதம் சேர்த்தால் வலிமை குறையாமல் நிற்கிறது என்று சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வாடிக்கையாளரோடு உட்கார்ந்து வடிவத்தைப் பற்றிப் பேசுங்கள். அச்சுக்குள் பாகம் குளிரும் நேரம் அதன் சுவர்த் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3 மில்லிமீட்டர் சுவரை 2 ஆக்கி, வலுவுக்கு உள்ளே விலா போன்ற வரிகள் கொடுத்தால், குளிரும் நேரம் பாதிக்கும் கீழே போய்விடும், மூலப்பொருளும் மிச்சம், ஒவ்வொரு பாகத்துக்கும் இயந்திரம் ஓடும் நேரமும் மிச்சம். இந்த யோசனையை அவர்கள் தர மாட்டார்கள், மோல்டைத் தினமும் பார்க்கும் நீங்கள்தான் தர முடியும். அறிக்கைக்கு, ஒரு பொருள் தன் வாழ்நாள் முழுதும் சுற்றுச்சூழலுக்குச் செய்வதைக் கணக்கிடுவதற்கான ஐஎஸ்ஓ 14040, 14044 தரநிலைகள் வழி காட்டும். அதில் முதல் வேலை, எதை அளவுக்கு வைத்துக்கொள்கிறோம் என்பதைச் சரியாகச் சொல்வது: 'ஒரு மூடி' என்று கணக்குப் போட்டால் ஒரு விடை வரும், 'ஐந்து வருடம் ஒழுகாமல் மூடுவது' என்று போட்டால் வேறு விடை. இரண்டாவதைத்தான் போட வேண்டும்.

கேள்வி: சீக்கிரம் கெட்டுப்போகும்படி வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பது உண்மையா?

பதில்: ஒரு முறையாவது நடந்திருக்கிறது, ஆவணத்தோடு. 1924-ல் ஜெனீவாவில் ஆஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய பல்பு நிறுவனங்கள் கூடி ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை வைத்து, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாக்கின, அதிகம் எரியும் பல்பு செய்த உறுப்பினருக்கு அபராதமும் போட்டன. இழை பல்பில் ஆயுளைக் கூட்டினால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் குறையும் என்ற உண்மையும் அவர்கள் பக்கம் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அபராதம் வெளிச்சத்துக்காகப் போட்டது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: 'மக்கும் பிளாஸ்டிக்' என்று அச்சிட்ட கோப்பையைத் தொட்டி மண்ணில் புதைத்தேன். ஒரு வருடம் கழித்துத் தோண்டினால் அப்படியே இருக்கிறது. ஏமாற்றா?

பதில்: அது பிஎல்ஏ என்ற வகையாக இருக்கும். மாவுச்சத்திலிருந்து செய்வது, மக்கவும் செய்யும், ஆனால் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூடு வாரக்கணக்கில் நிற்கும் பெரிய உர ஆலையில்தான். தொட்டி மண் அந்தச் சூட்டைத் தொடாது. கோப்பையின்மேலேயே இதை எழுதாமல் விட்டது தவறு, உங்கள் மேல் தவறில்லை. கழுவி, அடியில் ஓட்டை போட்டு, நாற்று வளர்க்க வைத்துக்கொள்ளுங்கள்.