ஐந்து காலி பாக்கெட்

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்தபின் சென்னை வேலையை விட்டுவிட்டு, காங்கேயத்தில் அவர் நடத்திய மரச்செக்கை இரண்டு வருடங்களாக நான் பார்த்துக்கொள்கிறேன். வாகை மரச்செக்கு. கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். அடுத்த மாதம் கோவையில் முதலீட்டாளர்கள் முன்னால் பேச எனக்கு ஏழு நிமிடம் கிடைத்திருக்கிறது. 40 லட்சம் கேட்கப்போகிறேன். பதினெட்டு ஸ்லைடு தயார். பாட்டி காலத்து எண்ணெய்க் கதையில் தொடங்கி, வீடு, ஹோட்டல், இனிப்புக் கடை, ஏற்றுமதி என்று எல்லோருக்குமான எண்ணெய் இது என முடிக்கிறேன். அப்பாவும் யாரையும் இல்லையென்று திருப்பி அனுப்பியதில்லை. நண்பர்கள் முன்னால் பேசிப் பார்த்தேன், கைதட்டினார்கள். ஒருவர் மட்டும், "நல்லாத்தான் இருக்குது, ஆனா நீ என்ன பண்ணப்போறேன்னு புரியலையே" என்றார். தமிழில் பேசுவதா, ஆங்கிலத்திலா? கதையில் தொடங்குவதா, கணக்கில் தொடங்குவதா? எப்படிப் பேசினால் மனதில் நிற்கும்? உங்களுக்கு இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் அனுப்புகிறேன், முகவரி தாருங்கள்.

ச., காங்கேயம்

அன்புள்ள ச.,

நீங்கள் கேட்டவற்றுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த மொழியில் குறுக்குக் கேள்வி கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்வீர்களோ அந்த மொழியில் பேசுங்கள். ஏழு நிமிடத்துக்குப் பதினெட்டு ஸ்லைடு அதிகம். பாட்டி கதை வேண்டாம், அதை எல்லோரும் சொல்கிறார்கள். இவ்வளவுதான். இதற்கு மேல் பேச்சுக்கலை பற்றி உங்களிடம் பேச எனக்கு விருப்பமில்லை.

ஏனென்றால் உங்கள் சிக்கல் பேச்சில் இல்லை. புரியவில்லை என்று சொன்ன அந்த நண்பரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கைதட்டியவர்கள் உங்கள் பேச்சைக் கேட்டார்கள். தொழிலைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

எல்லோருக்குமான எண்ணெய் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள், தம்பி. வீட்டுக்கு வாங்க வரும் அம்மா ஒரு லிட்டர் கேட்பார். முகர்ந்து பார்ப்பார், அடியில் மண்டி தங்கியிருந்தால் கேள்வி கேட்பார், கையோடு காசு கொடுத்துவிட்டுப் போவார். ஹோட்டல்காரர் டின் கணக்கில் கேட்பார். ஒரு மாதம் கடன் சொல்வார். பாமாயில் என்ன விலை, ரீஃபைண்ட் என்ன விலை என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் உங்கள் விலையைக் காதில் வாங்குவார். இனிப்புக் கடைக்காரருக்குத் தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களில் மலையளவு வேண்டும், அப்புறம் பல மாதம் ஆளையே காணமுடியாது. ஏற்றுமதி என்றால் ஆய்வகச் சான்று, லேபிள், கப்பல் பயணம், அங்கே கடை அலமாரியில் பல மாதம் கெடாமல் நிற்க வேண்டிய கட்டாயம் எல்லாம் வரும். நேற்று ஆட்டியது என்று சொல்வதுதானே உங்கள் எண்ணெயின் பெருமை? அது அந்த அலமாரியில் என்ன ஆகும்? இது நாலு வாடிக்கையாளர் இல்லை, நாலு தொழில். 40 லட்சத்தை நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் அரைகுறையாக நிற்கும். அகல உழுவதை விட ஆழ உழு என்று உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரை கிலோவுக்குப் பக்கமாகப் பருப்பு போகிறது. புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும் ரீஃபைண்ட் விலைக்கு உங்களால் இறங்க முடியாது. இது என்னை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் ஹோட்டல் என்று ஒரு ஸ்லைடு ஏன்? அறுவடைக் காலத்தில் பருப்பை வாங்கி இருப்பு வைக்கக் கையில் பணம் இருக்க வேண்டும். அந்தப் பணம் ஹோட்டல் கடனில் மாட்டிக்கொண்டால் அடுத்த மூட்டையை எதை வைத்து வாங்குவீர்கள்? கோவையில் உட்கார்ந்திருப்பவர் இதைத்தான் கேட்பார். நீங்கள் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் இதற்குப் பதில் பேச்சிலிருந்து வராது. யாருக்கு விற்கமாட்டேன் என்று நீங்கள் எடுக்கும் முடிவிலிருந்துதான் வரும். உத்தி, வியூகம் என்று பெரிய பெயர்களில் சொல்வது அந்த முடிவைத்தான். அது இருந்தால் பிட்ச், அதாவது முதலீட்டாளர் முன்னால் நீங்கள் பேசப்போகும் பேச்சு, அதை எடுத்துச் சொல்கிற வேலை மட்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நீங்கள் ஒரு மாதமாக அகப்பையைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்பாவின் மளிகைக் கடையைப் போன மாதம்தான் இடித்தோம். கல்லாவுக்கு மேலே சுவரில் ஒரு வரிசை ஆணி இருந்தது, ஷாம்பு சரம் தொங்கிய ஆணிகள். இரண்டை மட்டும் பிடுங்கி எடுத்துவந்து மேசையில் வைத்திருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். பாட்டில் ஷாம்பு விற்க ஒரு கம்பெனி ஆள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தோல் பை. அரை மணி நேரம் பேசினார். அப்பா ரசித்துக் கேட்டார், டீ வரவழைத்துக் கொடுத்தார். அவர் போனபின், "என்னமா பேசறாரு பாரு" என்று என்னிடம் சொன்னார். முகத்துக்காக ஒரே ஒரு பாட்டில் வாங்கி வைத்தார். அது அலமாரியில் தூசி படிந்து கிடந்து, கடைசியில் அக்கா கல்யாணத்தின்போது நாங்களே திறந்தோம். எங்கள் ஊரில் முந்திரிக் காட்டுக்கும் கடலைக் கொல்லைக்கும் கூலிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அன்றாடக் கூலி, அன்றாடச் செலவு. எண்ணெய் பத்து காசுக்கு, பூண்டு கையளவு என்றுதான் வாங்குவார்கள். ஒரு பாட்டிலில் காசை முடக்க அவர்களாலும் முடியாது, அப்பாவாலும் முடியாது.

சிக் ஷாம்பு கொண்டுவந்தவர் சைக்கிளில் வந்தார். உட்காரக்கூட இல்லை. "எந்தக் கம்பெனி ஷாம்பா இருந்தாலும் சரி, காலி பாக்கெட் அஞ்சு கொண்டாந்தா ஒரு சிக் இனாம். நீங்க காலியை வாங்கி வையுங்க, நான் வந்து எண்ணி எடுத்துக்கறேன்." அப்பா உடனே சரி என்றார்.

எண்ணுகிற வேலை எனக்கு. கல்லாவுக்குக் கீழே ஒரு கோணிச் சாக்கு. பம்புசெட், வாய்க்கால் ஓரம், குளக்கரை என்று பிள்ளைகள் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். சில பாக்கெட்டில் மண் ஒட்டியிருக்கும். சிலவற்றில் மிச்சம் இருந்து விரலெல்லாம் வழுவழுக்கும். அஞ்சஞ்சாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைப்பேன். கொஞ்ச நாளில் கடைக்கு வந்த பெண்கள் ஷாம்பு என்று கேட்பதை விட்டுவிட்டு சிக் என்று பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். அப்புறம் திட்டத்தை மாற்றினார்கள். அஞ்சும் சிக் காலியாக இருந்தால்தான் இனாம்.

அந்தச் சைக்கிள்காரரின் மூன்று வரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. சி. கே. ரங்கநாதன் அண்ணன்மாரின் தொழிலிலிருந்து பிரிந்து வந்து 1983-ல் 15,000 ரூபாயோடு கடலூரில் தொடங்கிய நிறுவனம் அது, இன்றைய கெவின்கேர். பாக்கெட் போடும் இயந்திரம் 3,000 ரூபாய். சிக் என்ற பெயர் அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணனின் பெயரிலிருந்து வந்தது. தான் செய்யும் பொருளைக் கூலி ஆளும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்க முடிய வேண்டும் என்று சொன்னவர் சின்னிகிருஷ்ணன். பவுடரையும் எப்சம் உப்பையும்கூடச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி விற்றிருக்கிறார். யாருக்கு என்ற கேள்வி அந்த வீட்டில் அப்போதே முடிந்துபோயிருந்தது.

அது முடிந்துவிட்டதால்தான் மற்ற எல்லாம் ஒரே திசையில் போயின. ஊர் ஊராகப் போய், பள்ளிப் பையன்களை நிறுத்தி, எல்லோர் முன்னாலும் தலையில் ஷாம்பு தேய்த்துக் காட்டினார்கள். முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். இதைவிடச் சிறந்த பிட்ச் எனக்குத் தெரியாது. ஆனால் கையில் இருந்தது பாட்டிலாக இருந்திருந்தால் ஜனங்கள் முகர்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். காலி பாக்கெட் திட்டத்துக்குப் பிறகு மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்கு ஏறியதாக ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அப்புறம் மல்லிகை, ரோஜா வாசனை வந்தது, பூ வைக்கிற தலைக்காக. 1999-ல் 50 காசு பாக்கெட் வந்தது. எல்லாம் அந்த ஒரே கூலிக்காரக் குடும்பத்தை மனதில் வைத்துச் செய்தவை.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை உங்களுக்காகவே நினைவில் எடுத்தேன். தொடங்கிய முதல் சில வருடங்கள் பிணை கொடுக்க ஒன்றுமில்லாததால் அவருக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. அந்த மேலாளர் விண்ணப்பத்தில் எழுதிய குறிப்பு இதுதான்: இவரிடம் பிணை இல்லை, ஆனால் மற்ற சிறுதொழில்காரர்களைப் போலில்லாமல் வருமான வரி கட்டுகிறார். அந்த மேலாளரைச் சம்மதிக்க வைத்தது பேச்சில்லை. தொழில் எப்படி நடக்கிறது என்பதற்கு அந்த வரி ரசீதே சாட்சி சொன்னது.

நேர் எதிரான கதை வேண்டுமென்றால் அமெரிக்காவில் குவிபி என்று ஒரு வீடியோ நிறுவனம். தொடங்கியவர் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஜெஃப்ரி கேட்சன்பெர்க். அப்படிப்பட்ட பெரிய கை பேசினால் யார்தான் மயங்கமாட்டார்கள்? கைபேசியில் பத்து நிமிடத்துக்குள் முடியும் தொடர்கள் என்று சொல்லி 175 கோடி டாலர் திரட்டினார்கள். 2020 ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். இலவசமாகவே குறும்படங்கள் கொட்டிக்கிடக்கும் கைபேசியில் யார், எதற்காகக் காசு கொடுப்பார்கள் என்பதற்கு உறுதியான பதில் இல்லை. பணம் கிடைத்ததுதான் அவர்களுக்கு ஆபத்தாகப் போனது. உங்களுக்கும் அந்த 40 லட்சம் இப்போதே கிடைத்துவிடக் கூடாதே என்றுதான் எனக்குப் பயம்.

உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். அப்பா யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் என்ற வார்த்தை உங்கள் ஸ்லைடுக்குள் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. என் அப்பாவும் அப்படித்தான் இருப்பார், கடன் கேட்டவரைக்கூட வெறுங்கையோடு அனுப்பமாட்டார். ஆனால் தான் அவ்வளவு ரசித்துக் கேட்ட அந்தப் பேச்சுக்காரரிடம் இரண்டாவது பாட்டில் வாங்கவில்லை. தன் கடைக்கு வருகிறவர் யார் என்பது அவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது. உங்கள் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் எழுதிவைத்த கணக்கு நோட்டு இருக்கிறதா? இருந்தால் ஸ்லைடை மூடிவைத்துவிட்டு அதைத் திறங்கள். திரும்பத் திரும்ப வந்தவர்கள் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த எண்ணெய், எந்தத் தெருவிலிருந்து, காசா கடனா என்று எழுதுங்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அந்தப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பேசலாம்.

எண்ணெய் அனுப்ப வேண்டாம். சென்னைக்குப் பார்சல் போடுவது உங்கள் தொழிலா இல்லையா என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. தை மாதம் அந்தப் பக்கம் வருகிறேன். கடைக்கே வந்து, செக்கு சுற்றுவதைப் பார்த்துவிட்டு, காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.