ஊருக்குத் திரும்பி வக்காலத்து போடலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். இரண்டரை வருடமாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். அப்பாவுக்கு உடம்பு முன்பு போல் இல்லை, தோட்டத்தையும் பார்க்க வேண்டும். காங்கேயத்திலோ தாராபுரத்திலோ பிராக்டீஸ் ஆரம்பிக்கலாமா? “அங்கே போனால் வண்டித்தட வழக்கும் செக் கேஸும்தான்” என்கிறார்கள் நண்பர்கள். பெண் என்பதால் கேஸ் வருமா என்ற பயமும் இருக்கிறது. சொந்தக்காரர்களிடம் பீஸ் எப்படிக் கேட்பது?

பதில்: வரலாம் அம்மணி. ஆனால் வந்தவுடன் தனியாகப் போர்டு மாட்டாதீர்கள். முதல் இரண்டு வருடம் இங்கே சிவில் பார்க்கிற ஒரு சீனியரிடம் உட்காருங்கள். இந்தப் பக்கத்துத் தாலுகா கோர்ட்டுகளில் 28 வருடமாக நிற்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கேஸ் எப்படியும் வரும். கேஸ் கொடுப்பவர், எதிராளி, சாட்சி என்று மூன்று பேரும் உங்களுக்குத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். சின்ன ஊரில் கஷ்டமான இடம் அதுதான்.

முதலில் அந்த வண்டித்தட வழக்கு. அதை அற்பமாகப் பேசுகிறவர் அதை ஒரு தடவைகூட நடத்தியிருக்க மாட்டார். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது ரோட்டோரம் ஒருவருக்குப் போகும், கிணற்றடி இன்னொருவருக்குப் போகும். தடம் பத்திரத்தில் ஒரு வரியில் இருக்கும், இல்லாமலும் இருக்கும். முப்பது வருடம் வண்டி போன பிறகு, ரோட்டோர நிலத்தை வாங்கிய வெளியூர்க்காரர் கம்பிவேலி போடுவார். இப்போது என்ன சொல்லி வழக்குப் போடுவீர்கள்? 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி வேறு வழியே இல்லாத அவசியத் தடமா? 15ஆம் பிரிவுப்படி 20 வருடம் தடங்கலில்லாமல், எல்லாரும் பார்க்க, உரிமையாகவே அனுபவித்த தடமா? பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்ததா? மூன்றுக்கும் சாட்சியம் வேறு வேறு. “வேறு வழியே கிடையாது” என்று மட்டும் எழுதிவிட்டீர்கள், கோர்ட் அனுப்பிய கமிஷனர் போய்ப் பார்க்கும்போது வடபுறத்தில் இன்னொரு தடம் இருக்கிறது என்றால் பிராது, அதாவது நீங்கள் எழுதிய வழக்கு மனு, அன்றைக்கே ஆட்டம் கண்டுவிடும்.

இதே வழக்குதான் ஒருநாள் இரண்டாவது அப்பீலாக நீங்கள் இப்போது இருக்கிற கட்டடத்துக்கு வருகிறது. அங்கே சிவில் நடைமுறைச் சட்டம் 100ஆம் பிரிவின்படி முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். தடம் இருந்ததா, எத்தனை அடி அகலம் என்பதையெல்லாம் பெரும்பாலும் கீழேயே முடித்து அனுப்பியிருப்போம். முன்சீப் கோர்ட்டில் எழுத விட்டுப்போனதை மேலே எவ்வளவு பெரிய வக்கீல் வந்தாலும் சேர்ப்பது கஷ்டம். அந்த அஸ்திவாரம் போடுகிற வேலைதான் இங்கே நடக்கிறது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

அதற்கு இரண்டு விஷயம் பழக வேண்டும். ஒன்று, தமிழ். இங்கே பிராது, சாட்சி விசாரணை எல்லாம் தமிழில்தான். பழைய பத்திரங்களில் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம், ஒரு பக்கத்துக்கு நீளும். நில அளவை வள்ளத்தில் இருக்கும், கிணற்றில் “பொதுவில் நாலில் ஒரு பாகம்” என்று இருக்கும், அந்தக் கிணற்றின் கரண்டு சர்வீஸ் மட்டும் எப்போதோ இறந்துபோன பெரியப்பா பேரில் இருக்கும். இதையெல்லாம் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துத்தான் கற்க முடியும். இரண்டாவது, நிலத்துக்கு நேரில் போவது. எஃப்.எம்.பி. என்கிற சர்வே அளவு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு எல்லையும் நடந்து பார்க்காமல் ஒரு பிராதும் எழுதாதீர்கள்.

பெண் என்பதால் கேஸ் வருமா என்று கேட்டீர்கள். இந்த ஊர்க் கோர்ட்டில் உங்களைப் போன்றவருக்காகக் காத்திருக்கிற ஒரு பெரிய வேலை இருக்கிறது. அது பாகப்பிரிவினையில் பெண்களின் பங்கு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அன்றைக்குக் கல்யாணம் ஆகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை உண்டு. அதனால்தான் அந்தக் காலத்து வழக்குகளில் கல்யாணப் பத்திரிகையைச் சான்றாவணமாகக் கொண்டு வருவோம். 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. திருத்தம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சட்டம் இப்படி இருக்கிறது. ஊரில் என்ன நடக்கிறது? “சீர் செஞ்சாச்சுங்க, கார் வாங்கிக் குடுத்தாச்சுங்க” என்று அண்ணன் சொல்வார். பதிவு செய்யாத ஒரு கூர்ச்சீட்டை, அதாவது பாகம் பிரித்து எழுதிய தாளை நீட்டி, எப்போதோ பாகம் ஆகிவிட்டது என்பார். 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் தீர்ப்பாலோ நடந்த பாகத்தைத்தான் சட்டம் காப்பாற்றுகிறது. வாய்மொழிப் பாகத்தை அரசு ஆவணங்களின் வலுவான ஆதாரம் இருந்தால் ஒழிய ஏற்கக் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே கூர்ச்சீட்டைப் பார்த்துவிட்டு “ஒன்றும் செய்ய முடியாது” என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பட்டா எப்போது பிரிந்தது, கிஸ்தி என்கிற நிலவரியை யார் பேரில் கட்டினார்கள் என்று தேடுங்கள்.

என் ஆபீசுக்கு வருகிற பெண்களில் பலர் முதல் அரைமணி நேரம் எதுவும் பேச மாட்டார்கள். கூட வந்த மச்சானோ சித்தப்பாவோதான் பேசுவார். கேஸ் போட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. ஒரு வக்கீலம்மா எதிரில் இருந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரி தொடங்கும். இதை நான் எங்கள் கோர்ட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஜீவனாம்சம், குடும்ப வன்முறை வழக்குகளுக்கும் அப்படியே.

செக் கேஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பைனான்ஸ் தழைத்த பூமி இது, வந்துகொண்டேதான் இருக்கும். செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள், அதற்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். இந்தத் தேதிகளைக் குமாஸ்தாவிடம் விடாமல் நீங்களே டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பவருக்கு வாதாடும் முன், அவர் கணக்கு நோட்டைக் கேட்டுப் பாருங்கள். 2003ஆம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருப்பதை அவரிடமும் சொல்லுங்கள்.

இனி அந்தக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். தொழில் ஆரம்பித்த மூன்றாம் வருடம், ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது தூரத்துப் பங்காளி ஒருவர் தன் நிலத் தகராறைச் சொல்லி யோசனை கேட்டார். பத்து நிமிடம் பேசினேன், பிறகு மறந்துவிட்டேன். நாலு மாதம் கழித்து வந்த ஒரு வழக்கில் வக்காலத்து போட்டேன். முதல் வாய்தாவில் எதிர்த்தரப்பில் அவர் நின்றிருந்தார். “நீங்க சொன்னபடிதானுங்க நான் நோட்டீஸ் விட்டேன்” என்றார். பார் கவுன்சில் விதி 33 இதைத்தான் தடுக்கிறது: ஒரு வழக்கைப் பற்றி ஒருவருக்கு யோசனை சொன்ன பிறகு அதே விஷயத்தில் அவருக்கு எதிராக நிற்கக் கூடாது. வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிய பணத்தையும் கொடுத்தேன். ஆனாலும் அந்த இரண்டு குடும்பமும் என்னை மறுபடி நம்பப் பல வருடம் ஆனது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யார், என்று, எந்த சர்வே எண்ணைப் பற்றிக் கேட்டார்கள் என்று ஒரு வரி. புதிதாக யார் வந்தாலும் கதை கேட்கும் முன் எதிராளி பெயரைக் கேட்டு அந்த நோட்டைப் புரட்டுவேன். நீங்கள் முதல் நாளே ஒன்று வாங்கிவிடுங்கள். கல்யாணம், கெடா விருந்து, குலதெய்வக் கோயில் பொங்கல், எங்கே கேட்டாலும் “ஆபீசுக்கு வாங்க மாமா, பேப்பரப் பார்த்துச் சொல்றேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுங்கள். கட்சிக்காரர் சொன்னதை வீட்டில்கூட, உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாதீர்கள். அதைத் தடுக்கிற புதிய சாட்சியச் சட்டம் (2023) 132ஆம் பிரிவு இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சின்ன ஊரில் ஒரு சொல் வெளியே போனால் சாயங்காலத்துக்குள் சந்தைப்பேட்டை வரை போய்விடும்.

சாதியைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். நம் பக்கம் வக்கீலையும் சாதி பார்த்துத் தேடுகிறார்கள். உங்கள் சொந்தக்காரர்கள் மேல் வன்கொடுமைப் புகார் கொடுத்த ஒருவர் உங்களைத் தேடி வருவார். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு பயந்துபோய் நிற்கிற பிள்ளைகள் வருவார்கள். “அந்தக் கேஸை எடுத்தால் ஊரில் எப்படி இருப்பாய்” என்று வீட்டுக்குப் பெரியவர்கள் வந்து பேசுவார்கள். தகுந்த காரணம் இல்லாமல் கேஸை மறுக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 11. சொந்தக்காரர் கோபித்துக்கொள்வார் என்பது தகுந்த காரணம் ஆகாது என்றுதான் நான் நினைக்கிறேன். இதில் எனக்கு இழப்பு உண்டு, சில வீட்டு விசேஷங்களுக்கு அழைப்பு நின்றது. அந்த வழக்குகளை எடுத்ததற்கு வருத்தப்பட்டதில்லை. வருவதற்கு முன்பே இதில் உங்கள் முடிவு என்ன என்று யோசித்து வையுங்கள்.

பீஸ். “ஜெயிச்சாப் பாத்துக்கலாமுங்க” என்பார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசுவதை விதி 20 தடுக்கிறது, நிலத்தில் பங்கு கேட்பதும் அதில் அடங்கும். முதல் நாளே தொகையைச் சொல்லி, கோர்ட் கட்டணம் வேறு, என் பீஸ் வேறு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சொந்தக்காரருக்குக் குறைத்துக்கொள்ள நினைத்தால் தொகையில் குறையுங்கள், தாளை விடாதீர்கள். தேங்காய், வாழைத்தார் வீட்டுக்கு வந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளலாம், பீஸ் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வருமானம் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வரும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. சேருவதற்கு முன் சீனியரிடம் இதைக் கூச்சப்படாமல் பேசுங்கள். தோட்ட வருமானத்தை நம்பாமல் ஒன்றரை வருடச் செலவுக்குப் பணம் கையில் இருந்தால்தான் வரச் சொல்வேன். பத்திரம் பார்த்து வங்கிகளுக்கு ஒப்பீனியன் எழுதுவது நடுவில் தாங்கும். நோட்டரிக்குப் பொதுவாகப் பத்து வருட அனுபவம் கேட்கிறார்கள், பெண்களுக்கு ஏழு போதும்.

சென்னையை வெட்டிக்கொண்டு வர வேண்டாம். கரூர்தான் மதுரைக் கிளைக்குப் போகிறது, திருப்பூர் மாவட்ட அப்பீல்கள் எல்லாம் சென்னைக்குத்தான். ரிட், ரிவிஷன், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யும் மனு எல்லாம் உங்களுக்கு அங்கே பழகியவை. தாலுகா கோர்ட்டில் இது தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் சீனியரிடம் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். ஒன்று மட்டும் மறைக்க மாட்டேன்: நீதிபதி பதவியோ அரசியல் சட்ட வழக்குகளோதான் உங்கள் கனவு என்றால் அங்கேயே இருங்கள். பவானிக்குப் பக்கத்துக் காடப்பநல்லூரில் பிறந்து 2013இல் இந்தியத் தலைமை நீதிபதியான சதாசிவமும் சென்னையில் தொழில் செய்துதான் அந்த இடத்துக்குப் போனார்.

மே மாத விடுமுறையில் வந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், அப்போது சிவில் கோர்ட் அடைத்திருக்கும். கோர்ட் நடக்கிற ஒரு வாரம் லீவு போட்டு வாருங்கள். காலை பத்தரைக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யார் பிராதைப் படித்துவிட்டுக் குறுக்கு விசாரணை செய்கிறார், யார் வாய்தா மட்டும் வாங்குகிறார் என்று கவனியுங்கள். பெண் வக்கீல்களுக்கு உட்கார ஓர் அறையும் கழிப்பறையும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் எந்தச் சீனியரிடம் சேர வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அவரிடம் அன்று மாலையே போய்ப் பேசுங்கள்.